இளவேனில் வானிலையும் எதிர்வுகூறலும்

தமிழிலக்கண நூலார் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப்படும் அவற்றுள் இளவேனில் சித்திரை, வைகாசி என்னும் இரு திங்கள்களுக்கு உரியது. இலக்கியம் பயின்றார்க்கு அச்சொல் தென்றலையும் குயிலின் குரலையும் மாந்தளிரையும் ஒருங்கே நினைவிற்குக் கொணரும். ஆயின், இளவேனில் எல்லா நிலத்தும் மென்மையுடைய பருவமன்று. ஐக்கிய அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில் மக்கள் அஞ்சி வானத்தை நோக்குவது மார்ச்சு முதல் மே வரையுள்ள இளவேனிற் காலத்திலேயாம். காலையில் முகில் மூடிய ஈரக்காற்று, நண்பகலில் தெளிந்த வானும் கடும் வெயிலும், மாலையில் ஆலங்கட்டியுடன் பெருமழை, இரவில் குளிர்வாடை என நான்கு பருவங்களும் ஒரே நாளில் வந்து செல்லுதல் அங்கு அரிதன்று. வீடுகளை அடித்தளத்தினின்றும் பெயர்த்தெறியும் டொர்னாடோ என்னும் சுழற்காற்றுக்களும் அப்பருவத்திலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன.

இவ்வானிலை இங்ஙனம் மாறுவதேன்? மாறும் வானிலையை முன்கூட்டி உரைத்தல் எவ்வாறு இயலும்? உரைத்தது பயனுடையதா, அன்றா என்பதனை எக்கோல் கொண்டு அளப்பது? இம்மூன்று வினாக்களையும் அச்சமவெளியின் தென்பகுதியிலுள்ள ஒக்லஹோமா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வாம். முதலிரு வினாக்களும் பௌதிகவியலைச் சார்ந்தன. மூன்றாவது வினாவோ மனித உயிர்களைச் சார்ந்தது.

நிலத்தின் அமைப்பு

வானிலையை விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதற்கண் நிலப்படத்தை நோக்குதல் வேண்டும். ஒக்லஹோமாவுக்கு மேற்கே றொக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. தென்மேற்கே மெக்சிக்கோவினதும் நியூ மெக்சிக்கோவினதும் வறண்ட மேட்டுநிலங்கள் உள்ளன. தென்கிழக்கே மெக்சிக்கோக் குடாவின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பு அமைந்துள்ளது. வடக்கேயோ, கனடாவினூடாக ஆட்டிக்குப் பிரதேசம் வரைக்கும், குளிர்காற்றை மறித்து நிறுத்தத்தக்க கிழக்கு மேற்கான மலை ஒன்றேனும் இல்லை. இந்தியாவின் வடக்கே இமயம் மதில்போல் நின்று மத்திய ஆசியாவின் கடுங்குளிரைத் தடுக்கின்றது. அமெரிக்கச் சமவெளிக்கு அத்தகைய மதில் வாய்க்கவில்லை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுக்களுக்கு அது திறந்த வாயிலாகும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தாற் காணலாம். 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி ஒக்லஹோமாவின் வடகிழக்கிலுள்ள நொவாட்டா என்னும் ஊரில் வெப்பநிலை சைபருக்குக் கீழே 35 பாகை செல்சியஸ் ஆக இறங்கிற்று. ஏழு நாள்கள் கழிந்தபின் அதே ஊரில் அது 26 பாகையாக ஏறியிருந்தது. பனிக்காலம் முடிந்து இளவேனில் தொடங்கும் தறுவாயில் ஒரு கிழமைக்குள் 61 பாகை மாற்றம் நிகழ்ந்ததென்க.

காற்றுக்களின் சந்திப்பு

பரந்த நிலத்தின்மீதோ கடலின்மீதோ நெடுநாள் தங்கி அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் தனதாக்கிக்கொண்ட காற்றுத் தொகுதியை வளித்திணிவு என்பர். இளவேனிலில் ஒக்லஹோமாவின்மீது மூவகை வளித்திணிவுகள் சந்திக்கின்றன. தெற்கிலிருந்து குடாவின் ஈரத்தைச் சுமந்து வருவது ஒன்று. தென்மேற்கு மேட்டுநிலத்தினின்று இறங்கிவரும் வெப்பமான வறண்ட காற்று மற்றொன்று. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று மூன்றாவது. கோடையில் குளிர்காற்றின் வலிமை குன்றிவிடும். பனிக்காலத்தில் குடாவின் ஈரக்காற்று அத்துணை வடக்கே அடிக்கடி வருவதில்லை. மூன்றும் வலிமையோடு நின்று பொருதுவது இளவேனிலிலேயாம். எனவே இளவேனிலைத் தனியொரு பருவமென்பதினும், செல்லும் பருவமும் வரும் பருவமும் ஒரே களத்தில் நிற்கும் காலமென்பது பொருத்தமுடைத்து.

ஈரக்காற்றும் வறண்ட காற்றும் சந்திக்கும் எல்லையை வறள்கோடு எனலாம். அக்கோட்டின் கிழக்கே பனிபடுநிலை 18 அல்லது 20 பாகையாக இருக்க, சில பத்துக் கிலோமீற்றர் மேற்கே சென்றால் அது 5 பாகைக்கும் கீழே வீழ்ந்திருத்தல் உண்டு. பொதுவாக இக்கோடு பகலில் கிழக்கு நோக்கி நகரும். இரவில் மேற்கு நோக்கிப் பின்வாங்கும். கோட்டிற்கு மேற்கேயுள்ள ஊரில் புழுதி பறக்கும் வெயிலும் கிழக்கேயுள்ள ஊரில் பெருமழையும் ஒரே மாலையில் நிகழ்வதன் காரணம் இதுவே.

மேட்டுநிலத்து வறண்ட காற்று வேறொரு தொழிலையும் செய்கின்றது. உயர்ந்த நிலத்திலிருந்து வருவதால் அது சமவெளியின் ஈரக்காற்றுக்கு மேலாகப் பரவி, உலைப்பானையின் மூடிபோல் அமைந்துவிடுகின்றது. கீழே ஞாயிற்றின் வெப்பத்தாற் சூடேறும் ஈரக்காற்று மேலெழ முயலும், மூடி தடுக்கும். அம்மூடி நாள் முழுதும் உடையாதிருப்பின் முகிலற்ற வெப்பமான நாளாகவே அது கழியும். பிற்பகலில் ஓரிடத்தில் உடைந்துவிடினோ, அதுவரை அடங்கியிருந்த சக்தி அனைத்தும் அவ்விடத்தினூடே பீறிட்டெழும். ஒடுங்கும் நீராவி விடும் மறைவெப்பம் அவ்வெழுச்சிக்கு மேலும் வலியூட்ட, ஒரு மணி நேரத்துள் முகில் 12 முதல் 15 கிலோமீற்றர் உயரம் வரை வளர்ந்துவிடும். காலையில் ஒரே தன்மையவாய்த் தோன்றிய இரு நாள்களுள் ஒன்று அமைதியாக முடிவதும் மற்றொன்று பேரழிவில் முடிவதும் இம்மூடியின் உறுதியிலுள்ள சிறு வேறுபாட்டினாலாகும்.

இனி, சுழற்சி எங்ஙனம் பிறக்கின்றதெனக் காண்போம். இளவேனிலில் சமவெளியின் மேலே உயரத்தில் மேலைக்காற்றோட்டம் கடுகி வீசுகின்றது. தரையருகே தென்கிழக்குக் காற்று மெல்ல வீசுகின்றது. உயரத்தோடு காற்றின் வேகமும் திசையும் இவ்வாறு மாறுபடுவதால், இடையிலுள்ள காற்று, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டப்படும் விளக்குத்திரி போலக் கிடையாக உருளுகின்றது. முகிலின் எழுகாற்று அவ்வுருளையைத் தூக்கி நிமிர்த்தும்போது முகில் முழுவதுமே மெல்லச் சுழலத் தொடங்கும். அத்தகைய முகில்களுட் சிலவற்றின் அடியில், சுழற்சி ஒடுங்கி வேகம் மிகுந்து தரையைத் தொடுவதே டொர்னாடோவாகும்.

இதனை நம் நாட்டினர் அறிந்த சூறாவளியோடு மயக்குதல் கூடாது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளி கடலிற் பிறப்பது, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விட்டமுடையது, நாட்கணக்கில் வாழ்வது. டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீற்றரே; அதன் வாழ்நாள் பெரும்பாலும் சில நிமிடங்களே. சூறாவளியின் வரவைப் பல நாள் முன்னரே படத்திற் காணலாம். டொர்னாடோ பிறக்கும் இடத்தை முதல்நாள் எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. எதிர்வுகூறுவோரின் இடர்ப்பாடு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

பின்லியின் கணக்கு

டொர்னாடோவை எதிர்வுகூற முதன்முதல் முறையாக முயன்றவர் அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜோன் பார்க் பின்லி என்பவர். அவர் 1884ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை, றொக்கி மலைக்குக் கிழக்கேயுள்ள நாட்டை 18 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் டொர்னாடோ தோன்றுமா, தோன்றாதா என எதிர்வுகூறி வந்தார். கணக்கிடப்பட்ட 2,803 எதிர்வுகூறல்களுள் 2,708 சரியாயின. நூற்றுக்கு 96.6 வீதம் வெற்றி என்பது யாவரும் மெச்சத்தக்க பேறாகத் தோன்றிற்று.

ஆனால் அதே ஆண்டில் குரோவ் கார்ள் கில்பேர்ட் என்னும் புவிச்சரிதவியல் அறிஞர் அக்கணக்கை நுணுகி ஆராய்ந்தார். 2,803 தடவைகளுள் டொர்னாடோ உண்மையில் தோன்றியது 51 தடவையே. ஆகவே ஒருவர் வானத்தை நோக்காமலே, ஒவ்வொரு நாளும் 'தோன்றாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், 2,752 தடவை அவர் கூற்றுச் சரியாகும். அது நூற்றுக்கு 98.2 வீதம்! யாதும் அறியாதவன் பின்லியினும் மேம்பட்டவனாக முடிகின்றான்.

இம்முடிபு நகைப்பிற்கிடமானது என்பது வெளிப்படை. பின்லி 100 தடவை 'தோன்றும்' என்றார், அவற்றுள் 28 பலித்தன, 72 பலிக்கவில்லை, அவர் கூறாது விட்டவை 23. 'தோன்றாது' என்றே சொல்லிவந்தவனோ 51 தடவையும் மக்களை அறியாமையிற் கைவிட்டவனாவான். அரிதாக நிகழும் கேட்டினைப் பற்றிய கூற்றைச் சரி, பிழை என்னும் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதனை இக்கணக்குத் தெளிவாக உணர்த்துகின்றது. நிகழாதவற்றைச் சரியாகச் சொன்னதை ஒதுக்கிவிட்டு, நிகழ்ந்தவற்றையும் நிகழுமெனக் கூறப்பட்டவற்றையும் மட்டும் கொண்டு அளக்கும் முறையைக் கில்பேர்ட் வகுத்தார். அவ்வாறளந்தால் பின்லியின் பேறு 123இல் 28 ஆகும். ஏனையவனுடைய பேறு சைபராகும். கில்பேர்ட்டின் முறையும் அதன் திருத்திய வடிவங்களும் இன்றும் வழக்கிலுள்ளன.

சொல்லாமையின் விலை

பின்லியின் முயற்சி தொடரவில்லை. டொர்னாடோ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மக்கள் கலங்கி ஓடுவர். அக்கலக்கத்தின் தீங்கு டொர்னாடோவின் தீங்கினும் பெரிதாகும் என அதிகாரிகள் கருதினர். 1880களின் பிற்பகுதி தொட்டு எதிர்வுகூறல்களில் அச்சொல்லை வழங்குதல் தவிர்க்கப்பட்டது. 1938 வரை அந்நிலை நீடித்தது.

அவ்வரை நூற்றாண்டில் வானம் வாளாவிருக்கவில்லை. 1925ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆந் திகதி மிசூரி, இலினோய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களூடாக ஒரு டொர்னாடோ மூன்றரை மணி நேரம் விரைந்து சென்று 695 பேரைக் கொன்றது. அவர்களை எச்சரிக்க ஓர் அமைப்பும் அன்று இருக்கவில்லை. தடை நீங்கிய பின்னரும் எதிர்வுகூறும் துணிவு உடனே பிறந்திலது. 1947ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி இரவில் ஒக்லஹோமாவின் வூட்வேட் என்னும் ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்த ஆண்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி இரவில் ஒக்லஹோமா நகருக்கு அணித்தான டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ ஒன்று தாக்கி, ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட சேதத்தை விளைத்தது. அன்றைய எதிர்வுகூறலில் இடிமுகில் பற்றிய குறிப்பே இருக்கவில்லை. அத்தளத்தின் வானிலை அதிகாரிகளான மேஜர் போபுஷ், கப்டன் மில்லர் ஆகிய இருவரும், முன்னர் டொர்னாடோக்கள் தோன்றிய நாள்களின் வானிலைப் படங்களை ஒப்புநோக்கி, அவற்றுக்குப் பொதுவாயமைந்த கூறுகளைத் தேடினர். ஐந்து நாள்கள் கழித்து, 25ஆந் திகதி காலையில் வரையப்பட்ட படம் 20ஆந் திகதிப் படத்தை ஒத்திருந்தது. ஒரே இடத்தை ஒரு கிழமைக்குள் இருமுறை டொர்னாடோ தாக்குதல் நம்பத்தகாத ஒன்றாயினும், இருவரும் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னர் எச்சரிக்கை விடுத்தனர். விமானங்கள் கொட்டகைகளுட் சேர்க்கப்பட்டன. ஆட்கள் காப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாலை ஆறு மணியளவில் டொர்னாடோ அத்தளத்தையே தாக்கிற்று.

இதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு நற்பேறு எனப் பகுத்துணர்தல் நன்று. அப்பிரதேசத்தில் அன்று மாலை டொர்னாடோ தோன்றக்கூடிய நிலை உண்டென அறிந்தது அறிவு. அது தளத்தின்மீதே வந்தது தற்செயல். இரண்டு கிலோமீற்றர் விலகிச் சென்றிருப்பின் அவ்வெதிர்வுகூறல் பொய்த்ததென்றே பலர் கூறியிருப்பர். ஆயின் அதன் அறிவு ஒரு சிறிதும் குறைந்திராது. 1950இல் குடிசார் வானிலைப் பணியகமும் தன் கொள்கையைத் தளர்த்திற்று. 1952 மார்ச்சில் பொதுமக்களுக்கு டொர்னாடோ பற்றிய அறிவித்தல்களை விடுக்கத் தொடங்கிற்று.

பிரதேசமும் புள்ளியும்

இன்று ஒக்லஹோமாவின் நோர்மன் நகரிலுள்ள வானிலை அலுவலகம் அம்மாநிலத்தின் 48 கவுண்டிகளுக்கும், அடுத்துள்ள டெக்சாசின் 8 கவுண்டிகளுக்கும் பொறுப்பாயுள்ளது. இவ்வாறு வரையறுத்த நிலப்பரப்பொன்றுக்குக் கூறுவதே பிரதேச எதிர்வுகூறல். அதனைக் கேட்பவரோ தத்தம் வீடு நிற்கும் ஒரு புள்ளியைப் பற்றியே அறிய விழைகின்றனர். கூறுவோர் பரப்பை எண்ணிக் கூற, கேட்போர் புள்ளியை எண்ணிக் கேட்பதால் பிணக்கு உண்டாகின்றது.

இப்பிணக்கைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாக 1965இல் அமெரிக்கப் பணியகம் மழையின் நிகழ்தகவை வீதமாகக் கூறும் முறையை நாடெங்கும் புகுத்தியது. மழைக்கு நூற்றுக்கு 40 வீத வாய்ப்பு என்பதன் பொருள், நாளில் நூற்றுக்கு 40 பங்கு நேரம் மழை பெய்யும் என்பதன்று. அப்பிரதேசத்தின் எந்தவொரு புள்ளியிலும் மழை பெய்வதற்கான வாய்ப்பு 100இல் 40 என்பதே பொருள். அத்தகைய நாள்கள் நூறு வருமாயின் ஏறக்குறைய நாற்பதில் ஒருவர் தம் முற்றத்தில் மழையைக் காண்பார்.

டொர்னாடோவைப் பொறுத்தவரை அறிவித்தல் இரு படிகளில் விடுக்கப்படுகின்றது. சில மணி நேரத்திற்கு முன், பல கவுண்டிகளை உள்ளடக்கிய பரப்பொன்றுக்கு, விழிப்பாயிருக்குமாறு கூறுவது முதற்படி. ராடார் சுழற்சியைக் காட்டியதும், அல்லது ஒருவர் கண்ணாற் கண்டதும், சிறு பகுதியொன்றுக்கு உடனே ஒதுங்குமாறு எச்சரிப்பது இரண்டாம் படி. முன்னது வளித்திணிவுகளை அறிந்து கூறுவது. பின்னது நிகழ்வதை நோக்கிக் கூறுவது. 2007 முதல் இரண்டாம் படி எச்சரிக்கை கவுண்டி எல்லைகளைத் தழுவாமல், முகில் செல்லும் வழியை ஒட்டி வரையப்படும் பல்கோண வடிவில் விடுக்கப்படுகின்றது.

பலித்தலும் பலியாமையும்

1999ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி காலையில் ஒக்லஹோமாவுக்குக் கூறப்பட்டது சிறிய ஆபத்து மட்டுமே. நண்பகலுக்கு முன் அது நடுத்தரமாகவும், பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன் பேராபத்தாகவும் உயர்த்தப்பட்டது. அன்று மாலை மூர் நகரூடாகச் சென்ற டொர்னாடோவின் காற்று மணிக்கு 480 கிலோமீற்றர் அளவினதென நடமாடும் ராடாரால் அளக்கப்பட்டது. அதில் 36 பேர் மாண்டனர். காலையிற் கூறியதை மாலையில் மாற்றியவர்களைக் குறைகூறுதல் தகாது. மாறும் வானிலையில், மாற்றிக்கூற மறுப்பவனே பிழைபட்டவன்.

2013ஆம் ஆண்டு மே 20ஆந் திகதி மீண்டும் மூர் நகர் தாக்கப்பட்டது. டொர்னாடோ தரையைத் தொடுவதற்கு 16 நிமிடங்கள் முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் 24 பேர் மாண்டனர். அவர்களுள் எழுவர் ஓர் ஆரம்பப் பாடசாலையின் பிள்ளைகள்.

சரியாக ஆறாண்டுகள் கழிந்து, 2019ஆம் ஆண்டு மே 20ஆந் திகதி, பேராபத்து உண்டென்று உரைக்கப்பட்டது. பாடசாலைகள் பல மூடப்பட்டன. மாநிலத்தின் சில இடங்களில் டொர்னாடோக்கள் தோன்றினவாயினும், ஒக்லஹோமா நகரும் அயலும் அஞ்சிய பேரழிவு நிகழவில்லை. மறுநாள், பாடசாலைகளை வீணே மூடினர் என்று கூறியோரும் உளர். அக்கூற்றை நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னைய மே 20இல் பாடசாலையில் மாண்ட பிள்ளைகளை மறவாத ஒரு மாநிலம், ஒருநாட் படிப்பை இழந்ததைப் பேரிழப்பாகக் கருதுதல் தகுமோ? எனினும், எச்சரிக்கைகள் அடிக்கடி பொய்க்குமாயின் மக்கள் அவற்றை மதியாது விடுவர் என்னும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் விடுக்கப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பலிப்பதில்லை. அவ்வெழுபதைக் குறைக்கப் புகுந்தால் கூறாது விடும் டொர்னாடோக்கள் பெருகும். கூறாது விடுவதைக் குறைக்கப் புகுந்தால் வீண் எச்சரிக்கைகள் பெருகும். கருவிகளும் அறிவும் வளருந்தோறும் இரண்டும் ஓரளவு குறையலாம். ஆயினும் இவ்விரண்டனுள் எதனைப் பொறுத்துக்கொள்வது என்பதனைக் கருவி தீர்மானிக்க மாட்டாது. ஒரு பக்கத்தில் வீணான ஒரு மணி நேரமும், மறுபக்கத்தில் மீளா உயிரும் நிற்கும்போது, துலாக்கோல் எப்பக்கம் சாயவேண்டும் என்பதனைச் சமுதாயமே தீர்மானித்தல் வேண்டும்.

எமது நாட்டின் நிலை

இலங்கையில் மார்ச்சு, ஏப்பிரில் திங்கள்கள் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேல் பருவக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட காலமாகும். இங்குத் துருவக் குளிர்காற்று வருவதில்லை. உயரத்தே கடுகி வீசும் மேலைக்காற்றோட்டமும் இல்லை. ஆதலால் ஒக்லஹோமாவின் கொடுமை இங்கு நிகழ்வதற்கு இடமில்லை. ஆயினும் ஞாயிறு உச்சியில் நிற்க, நிலம் சூடேறி, இருபுறக் கடற்காற்றுக்களும் உள்நாட்டிற் கூடும் பிற்பகல்களில் இடிமுகில்கள் திடீரென எழுகின்றன. மின்னல் மிகுந்து தோன்றும் காலங்களுள் இதுவும் ஒன்று. மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என அறிவிக்கப்படும் நாளில் தம் ஊரில் ஒரு துளியேனும் விழாதது கண்டு எள்ளி நகைப்பார் பலர். அடுத்த ஊரில் அதே நேரத்தில் வயலில் நின்ற ஒருவரை மின்னல் தாக்கியிருத்தல் கூடும். 'சில இடங்களில்' என்னும் சொற்றொடர் அறியாமையை மறைக்கும் போர்வையன்று. இடிமுகிலின் இயல்பை உள்ளவாறு உரைக்கும் கூற்றாகும்.

எனவே எதிர்வுகூறல் சோதிடமன்று, கட்டளையுமன்று. இன்ன நிலைமைகள் கூடியுள்ளன, இவற்றினின்று இன்னது நிகழ இத்துணை வாய்ப்புண்டு என அறிந்தோர் அறியாதோர்க்கு உரிய காலத்தில் உரைக்கும் அறிவுரையே அது. உரைப்போர்க்கு, அஞ்சி வாய்மூடாத துணிவும் நிலைமை மாறியவிடத்துக் கூற்றை மாற்றும் நேர்மையும் வேண்டும். கேட்போர்க்கு, தம் முற்றத்தை மட்டும் நோக்காது பிரதேசம் முழுவதையும் நோக்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளித்தற்கு ஏற்ற இடம் பாடசாலையே. நிகழ்தகவைக் கணித வகுப்பிலும் வளித்திணிவைப் புவியியல் வகுப்பிலும் வெவ்வேறாகக் கற்கும் மாணவர், இரண்டையும் இணைத்து நாள்தோறும் வரும் வானிலை அறிவித்தலை வாசிக்கப் பழகுவராயின், அக்கல்வி ஒருநாள் அவர்தம் உயிரையோ அயலார் உயிரையோ காக்கும்.